பொஸ்கோலோக்களின் தபால்காரி

சொத்தொமரீனா தபால் நிலையத்துக்குத் தந்திக்காரனாக மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது ஒரே ஒரு பெயர். காலையில் மூட்டையைப் பிரித்தால் பொஸ்கோலோ மரியா, பொஸ்கோலோ லூயிஜி, மறுபடியும் பொஸ்கோலோ மரியா, அவளுக்குக் கீழே இன்னொரு பொஸ்கோலோ மரியா. பொஸ்கோலோ இல்லையென்றால் தியோட்ஸோ. நான் ரொவீகோவில் பிறந்தவன். அங்கே என் குடும்பப் பெயர் எங்கள் ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. பெயரைச் சொன்னால் ஆள் வந்து நிற்க வேண்டும், அதற்குத்தானே பெயர் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

"இது என்ன ஊரா, இல்ல ஒரே வீடா?" என்று மூட்டையை மேசையில் போட்டுக் கத்தினேன்.

கடிதம் பிரிக்கும் மேசையில் குள்ளமாக, கெட்டியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் மிதித்து மிதித்துத் திரண்ட கால்கள், கடற்கரைக் காற்றில் கத்திப் பேசிப் பழகிய குரல். தபால்காரி ஆர்ஜியா.

"ரொம்ப சூடாகாதீங்க வெளியூராரே. மூட்டைய இந்தப் பக்கம் தள்ளுங்க, ஆளுங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்று அவள் வைத்த 'வெளியூரார்' என்ற பெயர்தான் இன்றுவரை எனக்கு இந்த ஊரில் நிலைத்திருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நின்று எண்ணினேன். அன்றைக்கு வெறும் பொஸ்கோலோ என்று மட்டும் விலாசமிட்டு அறுபத்தொரு கடிதங்கள். ஆர்ஜியா ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்ப்பாள், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பாள், அடுக்கில் செருகிவிடுவாள். "மிலானோ முத்திரை, பச்சை மை. இது வீட்டு வேலைக்குப் போயிருக்குற பொண்ணு அம்மாவுக்குப் போட்டது, கிணத்துச் சந்து மரியா. இது பட்டாளத்துப் பையன், ஒட்டத் தெரியாம ஒட்டியிருக்கான் பாருங்க, கோயிலுக்குப் பின்னாடி லூயிஜி மவன்." அறுபது கடிதம் போன பிறகு கடைசிக் கடிதத்தில் மட்டும் கை நின்றது. மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி.

"இது நம்ம ஊரே இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், கியோஜ்ஜாக்காரனுக்கு. சனியன், எழுத்துலயே திமிரு தெரியுது" என்று தனியாகப் போட்டாள். மாலையில் கியோஜ்ஜா தபால் நிலையத்தில் விசாரித்தேன். அங்கேதான் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இத்தனை பேர் ஒரே பெயரில் இருப்பதற்குக் காரணம் ஒரு பழைய அழிவு. சுமார் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெனோவாக்காரர்களுக்கும் வெனிஸுக்கும் நடந்த சண்டையில் இந்த ஊர் தரைமட்டமானது. பிழைத்தவர்கள் காயலைக் கடந்து கியோஜ்ஜாவுக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய முந்நூறு வருஷம் இந்த மணல் திட்டில் காற்றைத் தவிர யாரும் குடியில்லை. அப்புறம் கொஞ்சம் குடும்பங்கள் திரும்பி வந்தன. மணலைப் பள்ளமாகத் தோண்டி, எருவைச் சுமந்து கொட்டி, பூண்டும் வெங்காயமும் காரட்டும் போட்டார்கள். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் பெற்றார்கள், பெருகினார்கள், ஊர் நிறைந்தது. பெயர் மட்டும் பெருகவில்லை. பொஸ்கோலோ என்றால் சின்னக் காடு என்பார் எங்கள் பங்குச் சாமியார். மரம் என்று சொல்லத் தக்கதே இல்லாத இந்த மணலில் அதைக் கேட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். முதல் பொஸ்கோலோ எந்தக் காட்டிலிருந்து வந்தான் என்று கேட்டால் சாமியாரும் சிரித்துவிடுவார்.

ஆள் தெரியாமல் எப்படிக் காலம் தள்ளுவது? ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் வந்தது. காவலர் கையிலிருந்து மூன்று முறை நழுவி ஓடிய ஒருவனின் வம்சம் 'பிசாத்தோ', அதாவது விலாங்கு. வெனிஸ் சந்தைக்குப் பெரிய பூசணி கொண்டுபோய், விற்க முடியாமல், அதையே தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தவனின் வம்சம் பூசணி. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் கேட்கும் தொண்டை வாய்த்த ஒருத்தியின் பிள்ளைகள் மணி. கேலியாகச் சொன்னதை ஞானஸ்நானப் பதிவேட்டில் சாமியார் எழுதினார். பிறகு நகராட்சி எழுதியது. பிறப்புச் சான்றில், கல்யாணப் பத்திரத்தில், கல்லறைக் கல்லில், எல்லாவற்றிலும் பட்டப்பெயரோடு சேர்த்துத்தான் முழுப்பெயர். எவனோ ஒருவன் ஒரு மத்தியானத்தில் பட்ட அவமானம், அவன் முகத்தையே மறந்துவிட்ட கொள்ளுப்பேரனின் கல்லறையில் பளிங்கில் பொறித்திருக்கிறது. ராஜாக்களுக்குக்கூட அப்படி ஒரு ஞாபகம் வாய்ப்பதில்லை.

ஆனால் வெளியூர்க் காகிதங்களுக்கு இது புரியாது. பட்டப்பெயரை எவனும் பெயர் என்று ஒத்துக்கொள்ள மாட்டான். கோடு போட்டு அடித்துவிடுவான். அடித்தது போக மிஞ்சுவதைத்தான் ஆர்ஜியா சுமந்தாள்.

அவள் வேலைக்கு வந்தது நாற்பத்தொன்றில், ஆண்கள் யுத்தத்துக்குப் போகத் தொடங்கியபோது. எழுபத்து நான்கில் ஓய்வு பெறும்வரை அந்த சைக்கிளை விட்டு இறங்கவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தவறு செய்தாள். அது நாற்பத்து மூன்றில் நடந்தது. ரஷ்யப் போர்முனையில் செத்த ஒரு பொஸ்கோலோ பையனின் சேதியைத் தப்பான தாயிடம் கொடுத்துவிட்டாள். பதினோராம் நாள் அந்தத் தாயின் மகன் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஊரே கொண்டாடியது. அந்தத் தாய் மட்டும் சாகும்வரை ஆர்ஜியாவைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். இதை எனக்குச் சொன்னவள் ஆர்ஜியா இல்லை. அவள் சொல்லவே மாட்டாள். ஊர்தான் சொன்னது.

ஐம்பத்தைந்து நவம்பருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் காவல் புனிதர்கள் ஃபெலிச்சேயும் ஃபொர்த்துனாத்தோவும். ஜூன் பதினொன்று அவர்கள் திருநாள். அதையொட்டிப் பிறந்த ஆண் குழந்தைக்கு இந்த இரண்டில் ஒரு பெயர் வைக்காவிட்டால் ஞானத்தாய் கோபித்துக்கொள்வாள். அதனால் பொஸ்கோலோ ஃபெலிச்சே என்ற பெயரில் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் மூன்று பேர் அந்த வருஷம் வசந்த காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்குப் போனார்கள். தண்ணீரில் மின்சாரம் எடுக்க அங்கே சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் விலாங்கு, ஆர்ஜியாவின் புருஷன். ஒருவன் பூசணி, பியெரீனாவின் புருஷன். மூன்றாமவன் மணி, ஜெம்மாவின் புருஷன். வேலைக்கு எடுத்த குமாஸ்தா மூவரின் பட்டப்பெயரையும் அடித்துவிட்டான். ஆஜர் கூப்பிட்டால் மூவரும் ஒன்றாகக் கை தூக்குவதாகவும், மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வதாகவும் விலாங்கு எழுதிய கடிதத்தை ஆர்ஜியா எங்களுக்குப் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். மூடுபனி, எதிர் வீடு தெரியவில்லை. தந்தி வந்தது. என் கைதான் எழுதியது: சுரங்க விபத்து. சொத்தொமரீனா பொஸ்கோலோ ஃபெலிச்சே மரணம். மனைவிக்குத் தெரிவிக்கவும்.

ஆர்ஜியா என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து வந்தாள், என் தோளுக்கு மேலாகப் படித்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பியெரீனா வந்தாள். கையில் துணி சுற்றித் தைத்த ஒரு பொட்டலம்.

"ஆர்ஜியாக்கா, இதக் கொஞ்சம் நிறுத்துப் பாரு. கம்பளிக் காலுறை மூணு ஜோடி, ஒரு சலாமி. என் பூசணிக்குக் காலு எப்பவும் ஜில்லுனு இருக்கும், தொட்டா பொணம் மாதிரி. மலைல என்ன பண்றானோ."

நான் தந்தியின் மேல் கையை வைத்து மறைத்தேன். ஆர்ஜியா பொட்டலத்தை வாங்கித் தராசில் வைத்தாள்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள்.

"வழியில எவனாவது சலாமிய தின்னுட்டா? உன் விலாங்கயும் அந்த மணியயும் நம்ப முடியாது. மூணும் ஒரே பேரு, எவன் வேணா நான்தான்னு வாங்கிக்குவான்." பியெரீனா என்னைப் பார்த்தாள். "என்ன வெளியூராரே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? பொண்டாட்டி கஞ்சி ஊத்தலயா?"

"பல்வலி" என்றேன்.

ஆர்ஜியா தபால் தலை ஒட்டினாள். முத்திரையை எடுத்து, கோணாமல், நிதானமாகக் குத்தினாள். அந்தக் கையைப் பார்த்து நான் பயந்தேன். பியெரீனா பாட்டு முனகிக்கொண்டே போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் நான் ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் தந்தியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அது விதி. எந்த ஃபெலிச்சே என்று கேட்டுத் தந்தி அடிக்கலாம், ஆனால் அங்குள்ள தந்தி நிலையத்திலிருந்து சுரங்கத்துக்கு மலை ஏறிப் போய் வரவே அரை நாள். பனி வேறு. நாளைக்கு முன்னால் பதில் வராது.

"மூணு வீட்டுக்கும் போயி சொல்லிடுவோம் ஆர்ஜியா. மூணுல ஒருத்தர், யாருன்னு தெரியலன்னு. மறைச்சோம்னு நாளைக்கு யாரும் கேக்க முடியாது."

"மூணு வீட்லயும் எழவ கொண்டுபோயி வெச்சுட்டு, நாளைக்கு ரெண்டு வீட்ல போயி திருப்பி எடுத்துட்டு வருவீங்களா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "அதுல ரெண்டு பேரு, நல்லவேளை அவ புருஷன்தான் செத்தான்னு கும்பிடுவாங்க. கும்பிடாம இருக்க முடியுமா, மனுஷிதானே? அப்புறம் ஆயுசுக்கும் மூணு பேரும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும். அது வேணாம் வெளியூராரே."

"அப்ப விதி?"

"விதில என்ன இருக்கு? பொஸ்கோலோ ஃபெலிச்சேயோட பொண்டாட்டி கைல குடுக்கணும். அவ்வளவுதானே?" பேனாவை எடுத்தாள். "நான் யாரு?"

ரசீதில் கையெழுத்துப் போட்டாள். தந்தியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயது, எட்டு வருஷக் கல்யாணம், குழந்தை குட்டி இல்லை. புருஷன்தான் அவளுக்கு எல்லாம். அந்தச் சாவைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு எதிரில் நிற்கிறாள். தொப்பியைக் கழற்ற வேண்டும் போல இருந்தது, ஆனால் தொப்பி ஆணியில் தொங்கியது.

"எழுதுங்க" என்றாள். "பொறந்த தேதி கேளுங்க. பேர அடிச்சானுங்க, தேதிய அடிச்சிருக்க மாட்டானுங்க. பதினஞ்சாம் வருஷம் ஜூன் ஒம்பது, விலாங்கு. பதினேழு ஜூன் பதினொண்ணு, பூசணி. பதினெட்டு ஜூன் பதிமூணு, மணி."

"எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"பட்டாளத்துக்கு ஆள் கூப்ட்ட கடுதாசிய யாரு குடுத்தான்னு நெனச்சீங்க?"

நான் தந்தி அடித்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் போனாள். அன்றைய கடிதம் ஒன்றுகூடத் தங்கவில்லை, எல்லாம் சேரவேண்டிய கையில் சேர்ந்தது. ஜெம்மாவுக்கு அவள் தங்கையிடமிருந்து ஒரு கடிதம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டு, அவள் காட்டிய பூண்டுச் சரத்தைப் பார்த்து விலை சொல்லிவிட்டு வந்தாளாம்.

மூன்று மணிக்கு அவள் வீட்டு வழியே போனேன். ஜன்னல் கதவுகள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. புகைபோக்கியில் புகையில்லை. தட்டினேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, "தலைவலின்னு படுத்துட்டா, எழுப்பாதீங்க" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒரு வாய் சாப்பிட முடியாமல் தெருத் தெருவாக அலைகிறேன், இவளுக்கு எப்படித் தூக்கம் வருகிறது? கல் நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதும்போது கூசுகிறது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். பொத்தான் கழுத்துவரை போட்ட தபால் கோட்டு. கண்கள் வீங்கியிருந்தன. பயந்துபோயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு மணிக்குத் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. ஆர்ஜியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினேழு" என்றேன். "ஜூன் பதினொண்ணு."

அவள் முகத்தில் ஒரு கணம் ரத்தம் ஏறியது. பார்த்தேன். உயிர் திரும்பி வந்த முகம். உடனே அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல. கையை எடுத்தபோது பழைய ஆர்ஜியாவாக இருந்தாள்.

"பியெரீனா தோட்டத்துல இருப்பா. நீங்களும் வாங்க. ரெண்டு பேரு வந்தா பாத்தவொடனே தெரிஞ்சுக்குவா. வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல."

அப்படியேதான் ஆனது. பியெரீனா காரட் பாத்தியில் குனிந்திருந்தாள். நிமிர்ந்தாள். ஆர்ஜியாவைப் பார்த்தாள், பின்னால் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த காரட்டைக் கூடையில் மெதுவாக வைத்தாள்.

"என்னோடதா?" என்றாள்.

ஆர்ஜியா தலையசைத்தாள். இரண்டு தந்திகளையும் நீட்டினாள். பியெரீனா மண் கையோடு வாங்கினாள். அழப்போகிறாள் என்று நான் முன்னே நகர்ந்தேன். அவள் அழவில்லை. முதல் தந்தியின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து" என்றாள். "இது நேத்து வந்தது. நேத்து நான் அங்க நின்னேன். பொட்டலத்த வாங்கி முத்திர குத்தினியே! செத்தவனுக்குக் காலுறை வாங்கிக்கிட்டு, தையல் நல்லாருக்குன்னியேடி!"

"யாருன்னு தெரியல பியெரீனா. மூணு பேருல" என்று நான் இழுத்தேன்.

"நீ வாய மூடுய்யா!" அதுவரை அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. ஆர்ஜியாவின் கோட்டைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "ராத்திரி நான் பிள்ளைங்களோட சிரிச்சுக்கிட்டுப் படுத்தேன். பொலெந்தாக் களி கிண்டித் தின்னேன். ஒரு நாள் முழுக்க என் புருஷன் அந்தக் குளுருல செத்துக் கெடந்திருக்கான். ஒரு சொட்டுக் கண்ணீர் விட நாதியில்லாம கெடந்திருக்கானே! நான் அவனுக்கு அழ வேண்டிய ஒரு நாள நீ எப்படி எடுத்துக்கலாம்?"

உலுக்கிய உலுக்கலில் கோட்டுப் பொத்தான்கள் தெறித்தன. உள்ளே ஆர்ஜியா கறுப்பு உடுத்தியிருந்தாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை முழுக் கறுப்பு, எங்கள் ஊரில் புருஷனை இழந்தவள் உடுத்துகிற கறுப்பு. நேற்று மத்தியானம் ஜன்னல்கள் ஏன் சாத்தியிருந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாதியில்லாம கெடக்கல" என்றாள் ஆர்ஜியா. கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள், பிடியை விலக்கவில்லை. "நேத்து தபால் சுத்து முடிச்சதுலேர்ந்து விடியற வரைக்கும் நான் அழுதேன். அடுப்பு மூட்டல. ஜெபமாலை சொன்னேன். என் புருஷன் செத்தா எப்படி அழுவேனோ, ஒண்ணு கொறையாம அப்படி அழுதேன் பியெரீனா. என்னோடவன்னு நெனச்சுத்தான் அழுதேன். ஆனா போய்ச் சேந்தது அவனுக்குத்தான்."

பியெரீனா கோட்டைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தாள். வீங்கிய கண்களைப் பார்த்தாள், அந்தக் கறுப்பைப் பார்த்தாள். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. மண் அப்பிய விரல்களால் ஆர்ஜியாவின் தோளில் இருந்த கறுப்புத் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"களைச்சுப் போயிருப்ப" என்றாள். "உக்காருக்கா. இனி நான் அழுதுக்கறேன்."